கிடார் ஹீரோ, பாகம் அம்பத்தூர்

கேம் ரசிகர்களுக்கு ஒரு பழைய பொழுதுபோக்கு உண்டு. இன்னும் வராத கேமுக்குப் பாட்டுப் பட்டியல் போடுவது! 'கிடார் ஹீரோ' அடுத்த பாகம் வந்தால் எந்தெந்தப் பாட்டு இருக்க வேண்டும், 'ராக் பேண்ட்' ஐந்தாம் பாகத்தில் எந்தக் குழு வர வேண்டும் என்று உலகம் முழுக்கப் பட்டியல்கள் குவிந்து கிடக்கின்றன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துப் பையன்களுக்கும் இந்த வியாதி உண்டு. டீக்கடையில் நாலு பேர் சேர்ந்தால் போதும், தமிழ்ப் பதிப்பு தயாராகிவிடும். இளையராஜா பதிப்பு ஒன்று, ரகுமான் பதிப்பு ஒன்று, அட்டையில் ரஜினி, கடைசி லெவலில் நேரு ஸ்டேடியம், பாடுவதற்கு எஸ்.பி.பி. உருவம்.

ஆசைப்படுவதில் தப்பே இல்லை. பட்டியலில்தான் தப்பு இருக்கிறது.

அந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். இசையமைப்பாளர் இருக்கிறார், பாடகர் இருக்கிறார், நடிகர் இருக்கிறார். கிடார் வாசித்தவர் எங்கே? டிரம்ஸ் வாசித்தவர் யார்? கேமின் பெயரோ 'கிடார் ஹீரோ', 'ராக் பேண்ட்'. அதில் கிடாரிஸ்டும் இல்லை, பேண்டும் இல்லை! கல்யாண வீட்டுப் பத்திரிகையில் மாமன், மச்சான் பெயரெல்லாம் போட்டுவிட்டு மாப்பிள்ளை பெயரை விட்ட கதைதான்.

இது கேமின் கோளாறு அல்ல, தமிழ்நாடு பாட்டுக் கேட்கும் விதத்தின் கோளாறு. அந்த அடுத்த பாகம் என்றாவது வருவதாக இருந்தால், முதலில் இதைச் சரிசெய்துவிட்டு வரட்டும்.

பிளாஸ்டிக் கிடார் சொல்லிக்கொடுத்த பாடம்

கேம் பக்கமே போகாதவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. 2005 நவம்பரில் அமெரிக்காவில் 'கிடார் ஹீரோ' வந்தது. ஹார்மோனிக்ஸ் என்ற நிறுவனம் உருவாக்கியது, ரெட்ஆக்டேன் வெளியிட்டது. கையில் ஒரு பிளாஸ்டிக் கிடார், அதன் கழுத்தில் ஐந்து வண்ணப் பட்டன்கள். திரையில் வண்ணப் பொட்டுகள் இறங்கி வரும். பொட்டு கோட்டைத் தொடும் நேரத்தில் சரியான பட்டனை அழுத்திக்கொண்டு, மீட்டும் பட்டையைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. 2007-ல் வந்த மூன்றாம் பாகம் மட்டும் நூறு கோடி டாலருக்கு மேல் விற்றதாக ஆக்டிவிஷன் நிறுவனம் அறிவித்தது. அதே 2007-ல் ஹார்மோனிக்ஸ் 'ராக் பேண்ட்' கொண்டுவந்தது. கிடார், பேஸ் கிடார், டிரம்ஸ், மைக் என்று நாலு பேர் கூடி விளையாடலாம். 2008-ல் ஏரோஸ்மித் குழுவுக்கு ஒரு தனி கேம், 2009-ல் மெட்டாலிகாவுக்கு ஒன்று, அதே ஆண்டு செப்டம்பர் 9 அன்று பீட்டில்ஸுக்கு 45 பாடல்களோடு ஒன்று. ஏரோஸ்மித் தங்கள் எந்த ஆல்பத்தில் சம்பாதித்ததை விடவும் அந்தக் கேமில் அதிகம் சம்பாதித்தார்கள் என்று ஆக்டிவிஷன் தலைவரே சொன்னார்.

அந்தக் காலத்தில் பிளாஸ்டிக் கிடார் வாங்கும் வசதி எல்லோருக்குமா இருந்தது? 2006-ல் பின்லாந்துக்காரர்கள் சிலர் 'ஃபிரெட்ஸ் ஆன் ஃபயர்' என்று ஓர் இலவச கேமை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் கீபோர்டைத் தலைகீழாகத் தூக்கி, கிடார் மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு கையால் எஃப்1 முதல் எஃப்5 வரை அழுத்தி, மறு கையால் என்டர் தட்ட வேண்டும். பார்ப்பதற்குப் பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் பைசா செலவில்லாத கிடார் ஹீரோ!

இந்தக் கேம்களைப் பார்த்துப் பெரியவர்கள் சிரித்தார்கள். "பட்டன் அழுத்துற நேரத்துல நிஜ கிடார் கத்துக்கலாமே" என்றார்கள். நியாயமான கேள்வி மாதிரித்தான் தெரியும். கேமின் உள்ளே நடக்கும் ஒரு சங்கதி அவர்களுக்குத் தெரியாது.

ராக் பேண்டில் ஒருவர் பேஸ் கிடார் எடுத்துக்கொண்டு பொட்டுகளைத் தவறவிட்டால் என்ன ஆகும்? பாட்டு நிற்காது. பேஸ் கிடாரின் ஒலி மட்டும் காணாமல் போகும். குரல் ஓடும், டிரம்ஸ் ஓடும், ஆனால் பாட்டுக்கு அடியில் இருந்த தரை விலகியது போல இருக்கும். மறுபடி சரியாக வாசித்தால் தரை திரும்ப வரும். ஆயிரம் முறை கேட்ட பாட்டில் பேஸ் கிடார் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பது, அது இல்லாமல் போகும் அந்த இரண்டு விநாடியில்தான் புரியும். விரல்களுக்குக் கிடார் வராது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். காதுக்கு ஆர்க்கெஸ்ட்ரா வரும். எந்தப் பள்ளிக்கூட இசை வகுப்பும் இவ்வளவு சுலபமாக இதைச் சொல்லிக்கொடுத்ததில்லை.

பெயர் இல்லாத பேண்ட்

இப்போது இந்தப் பாடத்தைத் தமிழ்ப் பாட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். 1976-ல் 'அன்னக்கிளி'யில் தொடங்கிய இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிடார் எவ்வளவு பேசும் என்று இசை தெரிந்தவர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள். வாசித்தவர் சசிதரன். கிடாரில் சதானந்தம், ஆர். சந்திரசேகர். டிரம்ஸில் புருஷோத்தமன். கீபோர்டில் விஜி மானுவேல். புல்லாங்குழலில் நெப்போலியன். ராஜா எழுதிக் கொடுத்த ஸ்வரங்களுக்கு உயிர் கொடுத்த விரல்கள் இவர்களுடையவை.

இந்தப் பெயர்களில் எத்தனை பெயர் அந்த நாள் கேசட் உறையில் இருந்தது? படத்தின் பெயர், இசை, பாடலாசிரியர், பாடியவர்கள். அதோடு உறை முடிந்துவிடும். 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் 'இளைய நிலா' என்று ஒரு பாட்டு. அதன் கிடாரைக் கேட்டுவிட்டுக் கிடார் கற்கப் போனவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். படத்தில் பாடகராக வந்த மோகனுக்கு 'மைக் மோகன்' என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. குரல் கொடுத்த எஸ்.பி.பி.யை உலகத்துக்கே தெரியும். கிடார் வாசித்த சந்திரசேகரை? பாடாத நடிகருக்கு மைக் என்ற பட்டம் கிடைத்தது, வாசித்த கலைஞருக்கு ஒரு வரி கிடைக்கவில்லை!

பிற்பாடு ஏ.ஆர். ரகுமான் தன் ஆல்பங்களில் வாத்தியக் கலைஞர்களின் பெயரையும் அச்சிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். அவரே 'நெமிசிஸ் அவென்யூ' என்ற சென்னை ராக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். மேடையில் கும்பலோடு கும்பலாக நின்றவருக்குப் பெயரின் அருமை தெரிந்திருக்கிறது. பிறகு பாட்டு போனுக்குள் போனதும் அந்த உறையும் போய்விட்டது. இன்று பாட்டு ஓடும் செயலிகளின் திரையில் மறுபடி படம், இசையமைப்பாளர், பாடகர்தான். முன்னுக்கு வைத்த ஒரு காலையும் பின்னுக்கு எடுத்தாகிவிட்டது.

"பெயரில் என்னங்க இருக்கு, சம்பளம் வாங்கினாங்க இல்ல?" என்று கேட்பவர்கள் உண்டு. பெயரில்தான் எல்லாமே இருக்கிறது. 2012-ல் இந்தியக் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்று உறுதிசெய்த திருத்தம் அது. நிகழ்த்துகலைஞர்களுக்கும் உரிமை தந்தது. நிகழ்த்துகலைஞர் என்றால் யார் என்று சட்டம் கொடுக்கும் விளக்கத்தில் வாத்தியக் கலைஞரும் இருக்கிறார். ரொம்ப நல்லது. ஆனால் அதே விளக்கத்துக்குக் கீழே ஒரு வால் சேர்த்தார்கள். ஒரு சினிமாவில் ஒருவரின் பங்களிப்பு தற்செயலானதாகவோ சில்லறையானதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி டைட்டில் உட்பட எங்கேயும் அவர் பெயர் குறிப்பிடப்படாமலும் இருந்தால், அவர் நிகழ்த்துகலைஞராகக் கருதப்பட மாட்டார். தன் நிகழ்ச்சியைச் சிதைத்தால் ஆட்சேபிக்கும் உரிமை மட்டும் மிஞ்சும்.

திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கான பாட்டுக்கு வாசித்தவரின் வேலையைச் சில்லறை வேலை என்று யாரும் நேர்மையாகச் சொல்ல முடியாது. ஆனால் அப்படி ஒருவர் வாதாட வந்தால், மறுப்பதற்குக் கையில் முதலில் வேண்டியது என்ன? எங்கேயாவது அச்சான ஒரு பெயர். பெயர் போடாதவனே, "பெயர் இல்லையே, நீ யார்?" என்று கேட்கலாம்! எம்.பி. சீனிவாசன் அந்த நாளில் திரையிசைக் கலைஞர்களுக்காகச் சங்கம் கட்டிக் கூலிக்குப் போராடினார். கூலிச் சண்டை ஓரளவு ஜெயித்தது. பெயர்ச் சண்டை இன்னும் தொடங்கவே இல்லை.

2017 மார்ச்சில், அனுமதி பெறாமல் தன் பாடல்களை மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பி.க்கு வக்கீல் நோட்டீஸ் போனது. அப்போது அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்தார் எஸ்.பி.பி. தமிழ்நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியது. பாட்டு இசையமைத்தவருக்கா, பாடியவருக்கா, பணம் போட்ட தயாரிப்பாளருக்கா? மூன்று பேருக்கும் வக்காலத்து வாங்க ஆள் இருந்தது. வாசித்தவருக்கு ஒரு பங்கு உண்டா என்று ஒரு குரல் வந்ததா?

கொம்பு முளைத்த பொம்மைகள்

அட்டையில் ரஜினி, மேடையில் எஸ்.பி.பி. உருவம் என்று பட்டியல் போடுகிறவர்கள் இன்னொரு பழைய கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2009-ல் 'கிடார் ஹீரோ 5'-ல் நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் உருவம் இருந்தது. அவர் இறந்தது 1994-ல். கேமில் அவர் உருவத்தை வைத்துக்கொண்டு யாருடைய பாட்டை வேண்டுமானாலும் பாட வைக்கலாம். உயிரோடு இருந்தால் அவர் வாயைத் திறந்தே பாடியிருக்க மாட்டார் என்று நினைக்கும் பாட்டுகளையும்! அவருடைய குழுவில் இருந்த டேவ் குரோலும் கிறிஸ்ட் நோவோசெலிக்கும் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் 'பேண்ட் ஹீரோ' கேமுக்காக நோ டவுட் குழு ஆக்டிவிஷன் மீது வழக்கே போட்டது. தாங்கள் ஒப்புக்கொண்டது தங்கள் சொந்தப் பாட்டு சிலவற்றுக்கு மட்டும், தங்கள் உருவங்களோ கண்ட பாட்டையும் பாடுகின்றன என்பது புகார். 2012-ல் சமரசமாக முடிந்தது.

இது ஏதோ வெள்ளைக்காரர் தகராறு என்று தள்ளிவிட முடியாது. 2024 ஜனவரியில் 'லால் சலாம்' படப் பாட்டொன்றில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கினார் ரகுமான். குடும்பங்களிடம் அனுமதி வாங்கி உரிய பணமும் கொடுத்ததாக அவரே சொன்னார். அது முறை. அந்த முறை நடந்ததற்குக் காரணம் என்ன? குரலுக்குச் சொந்தக்காரர் யார் என்று ஊருக்குத் தெரியும், அனுமதி கேட்க ஒரு வீட்டு வாசல் இருந்தது. நாளைக்கு ஒரு இயந்திரம் ஒரு பேஸ் கிடாரிஸ்டின் வாசிப்பை அச்சு அசலாகப் பாவனை செய்தால், யார் வீட்டு வாசலில் போய் அனுமதி கேட்பது? பெயரே தெரியாதவருக்கு வாசல் ஏது?

"தனி டிராக் இல்லையே" என்ற சாக்கு

பழைய தமிழ்ப் பாட்டை வைத்து இப்படி ஒரு கேம் செய்யவே முடியாது என்பார்கள் விஷயம் தெரிந்தவர்கள். கேமுக்கு ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி ஒலித்தடமாக வேண்டும். பேஸ் தவறினால் பேஸ் மட்டும் அடங்க வேண்டுமே! அந்த நாள் தமிழ்ப் பாட்டோ பெரிய ஹாலில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, பாடகரும் கூடவே பாட, ஒரே மூச்சில் பதிவானது. ஒருவர் பிசகினால் அத்தனை பேரும் முதலிலிருந்து. அதைப் பிரிப்பது சாம்பாரிலிருந்து உப்பை எடுப்பது போல.

இந்தச் சிக்கல் வெளியிலும் இருந்தது, ஆனால் யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. பீட்டில்ஸின் ஆரம்பகாலப் பாட்டெல்லாம் இரண்டே தடங்களில் பதிவானவை, பிறகு நான்கு. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் கைல்ஸ் மார்ட்டின் அபே ரோடு ஸ்டூடியோவில் உட்கார்ந்து, ஒலி வடிகட்டும் மென்பொருளை வைத்து வாத்தியங்களைப் பிரித்தெடுத்தார். 'கிடார் ஹீரோ' மூன்றாம் பாகத்துக்காக செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் பழைய மூலநாடா கிடைக்காமல் போனது. கிழவர்களாகிவிட்ட அந்தக் குழுவினர் மறுபடி ஸ்டூடியோவுக்குள் போய் அந்தப் பாட்டைப் புதிதாக வாசித்துக் கொடுத்தார்கள்!

இன்று நிலைமை இன்னும் சுலபம். 2019-ல் டீசர் நிறுவனம் 'ஸ்ப்ளீட்டர்' என்ற மென்பொருளை இலவசமாகத் திறந்துவிட்டது. பாட்டைப் போட்டால் குரல், டிரம்ஸ், பேஸ் என்று பிரித்துக் கொடுக்கும். 2023-ல் பீட்டில்ஸின் கடைசிப் பாட்டு வெளிவந்ததே இப்படி ஒரு பழைய கேசட்டிலிருந்து ஜான் லெனனின் குரலைப் பிரித்துத்தான். ஆகவே தொழில்நுட்பச் சாக்கு செல்லாது. ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. இயந்திரம் பேஸைப் பிரித்துக் கொடுக்கும், வாசித்தவரின் பெயரைக் கொடுக்காது. அது மனிதர்களின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. ஞாபகத்துக்கும் வயசாகும். டிரம்ஸ் புருஷோத்தமன் 2020-ல் காலமானார்.

ஜப்பான்காரனுக்கு அவன் மேளம்

அடுத்தது வாத்தியம். தமிழ்ப் பதிப்பு வந்தால் அதற்கும் ஐந்து பட்டன் கிடார்தானா?

2001-ல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 'டைக்கோ நோ டட்சுஜின்' என்ற கேமைக் கொண்டுவந்தது. அவர்கள் ஊர்த் திருவிழாவில் அடிக்கும் டைக்கோ மேளமே அதன் கருவி. சிவப்புப் பொட்டு வந்தால் மேளத்தின் நடுவில் அடி, நீலப் பொட்டு வந்தால் விளிம்பில் அடி. கிடார் ஹீரோ வருவதற்கு நான்கு வருஷம் முன்பே வந்தது. இன்று வரை புதிய புதிய பாகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. மேற்கத்திய பிளாஸ்டிக் கிடார்களின் மோகம் அடங்கி, 2011-ல் ஆக்டிவிஷன் கிடார் ஹீரோ கடையையே சாத்தியது. 2015-ல் திரும்ப வந்து பார்த்தும் நிலைக்கவில்லை. சொந்த மேளத்தை வைத்தவன் கடை மட்டும் இன்னும் திறந்திருக்கிறது!

பறைக்கு இரண்டு குச்சி. கனமாக ஒன்று அடிக்குச்சி, மெலிதாக நீளமாக ஒன்று சிண்டுக்குச்சி. இரண்டும் எழுப்பும் ஒலி வேறு வேறு. கேம் செய்பவருக்கு இதைவிட வசதியான வாத்தியம் எது? ஆனால் டீக்கடைப் பட்டியல்களில் பறையைக் காணோம். காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். அதைச் சாவு மேளம் என்று ஒதுக்கி, ஒரு சாதியின் தலையில் கட்டி வைத்திருந்த ஊர் இது. கிடார் பிடித்தால் ஸ்டைல், பறை எடுத்தால் முகச்சுளிப்பு. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு முதல்முறை மேடை ஏறியது. பா. ரஞ்சித்தின் நீலம் அமைப்பும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. 19 பேர். கானாவும் பறையும் ராப்பும் எலெக்ட்ரிக் கிடாரும் ஒரே மேடையில். 2025-ல் மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அரசாங்கத்துக்கே கேட்டுவிட்ட சத்தம் கேம் பட்டியல் போடுகிறவர்களுக்கு இன்னும் கேட்கவில்லை.

இந்தியாவுக்கு இதற்கு முன் வந்தது என்ன? சோனி நிறுவனம் 2007-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு 'சிங்ஸ்டார் பாலிவுட்' கொண்டுவந்தது. மைக்கைப் பிடித்து இந்திப் படப் பாட்டு பாட வேண்டும். அங்கேயும் பாடகர்தான், அங்கேயும் சினிமாதான். வாத்தியம் பிடித்த கைக்கு வேலையே இல்லை. தமிழ்ப் பதிப்பும் அதையே திருப்பிச் செய்வதற்கு வராமலே இருக்கலாம்.

முதல் மேடை எது?

இந்தக் கேம்களில் 'கேரியர்' என்று ஒரு பகுதி உண்டு. சின்ன இடத்தில் வாசிக்கத் தொடங்கி, பெரிய ஸ்டேடியம் வரை போக வேண்டும். டீக்கடைப் பட்டியல்கள் நேராக நேரு ஸ்டேடியத்துக்குப் போய்விடுகின்றன. தொடங்க வேண்டிய இடம் அம்பத்தூர்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964 முதல் இருக்கிறது. ஆவடியில் டாங்க் தொழிற்சாலை. இந்தப் பகுதிக்குள் பிழைப்பு தேடி வந்தவர்கள் எல்லா மாவட்டத்துக்காரர்களும். அவரவர் ஊர் மாரியம்மனும் கூடவே வந்தாள். ஆடி மாதம் ஆனால் தெருத்தெருவாகக் கூழ் ஊற்றி, சீரியல் செட் போட்டு, பாட்டுக் கச்சேரி வைப்பார்கள். திருவேற்காடு கருமாரியம்மன் பக்கம் கூட்டம் சொல்லவே வேண்டாம். மேடையில் ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேட், தபலா, டோலக், ஒரு பேஸ் கிடார். கேசட்டில் அறுபது பேர் வாசித்ததை இங்கே ஆறு பேர் வாசித்துக் காட்ட வேண்டும்.

கேமின் முதல் லெவல் இங்கே இருக்கட்டும். விளையாடுபவர் பகலில் எஸ்டேட்டில் லேத் மிஷின் ஓட்டிவிட்டு இரவில் பேட் வாசிப்பவர். கச்சேரி ஏழு மணிக்கு என்று நோட்டீஸ். விழாக் கமிட்டிக்காரர்கள் சால்வை போட்டுப் பேசி முடிக்கவே எட்டரை. நடுவில் ஜெனரேட்டர் உட்காரும். ஒரு பக்கம் அம்மன் பாட்டு கேட்பார்கள், மறுபக்கம் குத்துப்பாட்டுக்கு விசில். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதி, எனவே ஒன்பது ஐம்பதுக்கு போலீஸ்காரர் மேடை ஓரம் வந்து நிற்பார். மிச்சப் பணம் விடிந்ததும் தருகிறேன் என்பார் கமிட்டித் தலைவர். இந்த லெவலைத் தாண்டியவனுக்கு நேரு ஸ்டேடியம் ஒரு பொருட்டா?

கடைசி லெவலும் ஸ்டேடியம் வேண்டாம். 1980-களின் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்று போதும். கூட்டம் இல்லை, கைதட்டல் இல்லை, கலர் லைட் இல்லை. ஐம்பது பேர் கையில் காலையில் எழுதிக் கொடுத்த நோட்ஸ். சிவப்பு விளக்கு எரிந்தால் நாலரை நிமிடம் ஒருவரும் பிசகக் கூடாது. பிசகினால் உன்னால் மற்ற நாற்பத்தொன்பது பேரும் திரும்ப முதலிலிருந்து. ஜெயித்தால் பரிசு என்ன தெரியுமா? திரையில் உன் பெயர் ஓடும், என்ன வாத்தியம் என்பதோடு சேர்த்து. நிஜத்தில் கிடைக்காதது கேமிலாவது கிடைக்கட்டும்.

யார் செய்வது?

"இதெல்லாம் எந்தக் கம்பெனிக்காரன் செய்வான்?" என்ற கேள்வி வரும். கம்பெனிக்காரனை நம்பி என்ன ஆனது என்று பார்த்தாயிற்று. 2015-ல் வந்த 'கிடார் ஹீரோ லைவ்' கேமின் பெரும்பாலான பாட்டுகள் நிறுவனத்தின் சர்வரில் இருந்தன. 2018 டிசம்பரில் சர்வரை அணைத்தார்கள், பாட்டும் போனது. 'ராக் பேண்ட் 4' பத்து வருஷ உரிமம் முடிந்து 2025 அக்டோபரில் விற்பனையிலிருந்தே எடுக்கப்பட்டது. கம்பெனி தருவதைக் கம்பெனியே எடுத்துக்கொள்ளும்.

ஃபிரெட்ஸ் ஆன் ஃபயர் வழியில் இன்று 'குளோன் ஹீரோ' இருக்கிறது. இலவசம். எந்தப் பாட்டுக்கும் பொட்டு வரிசையை ரசிகர்களே எழுதிச் சேர்க்கலாம். அந்த வேலைக்குக் காது வேண்டும், பொறுமை வேண்டும், பழைய கம்ப்யூட்டர் ஒன்று போதும். பொறியியல் கல்லூரிகள் நிறைந்து கிடக்கும் பூந்தமல்லி, ஆவடிப் பக்கத்தில் இது மூன்றுக்குமா பஞ்சம்? உரிமை வாங்காத பாட்டை விற்கக் கூடாது, அது வேறு. ஆனால் தெருவில் கச்சேரி செய்யும் குழுக்களே தங்கள் சொந்தப் பாட்டை, தனித்தனித் தடமாக, வாசித்தவர் பெயரோடு பதிவுசெய்து கொடுக்க முன்வந்தால்? அந்த ஆறு பேரிடமும் யாராவது கேட்டுப் பார்த்திருக்கிறார்களா?

கேம்தானே, இதற்கு இவ்வளவு கோபமா என்று கேட்கலாம். புத்தகத்தில் இல்லாததை, கேசட் உறையில் இல்லாததை, போன் திரையில் இல்லாததை ஒரு விளையாட்டாவது சொல்லட்டுமே என்பதுதான் கோபம். ரஜினிக்கும் ராஜாவுக்கும் கேம் வந்து புகழ் சேர வேண்டியதில்லை. அது ஏற்கெனவே மலையளவு இருக்கிறது.

ஆகவே அடுத்த முறை டீக்கடையில் அந்தப் பட்டியலைப் போடும்போது, பாட்டு, படம், பாடியவர் என்ற மூன்று கட்டங்களோடு நான்காவதாக ஒரு கட்டம் வரையுங்கள். 'வாசித்தவர்.' அதை நிரப்பத் தெரியாவிட்டால் தெரிந்தவரைத் தேடிப் போய்க் கேளுங்கள். வாசித்தவர்களில் பலர் இன்னும் இதே சென்னையில் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். அந்தக் கட்டம் நிரம்பிய பிறகு கேம் வந்தால் வரட்டும், வராவிட்டாலும் போகட்டும்.